மாணவர் மையத்தில் கண்காட்சி வைக்க வருகிறவர்கள் ஓயாமல் கேட்கும் கேள்விகள்

எங்கள் பல்கலைக்கழக மாணவர் மையத்தின் தரைத்தளத்தில் ஒரு பக்கம் கேன்டீன், மறுபக்கம் ஜெராக்ஸ் கடை. இரண்டுக்கும் நடுவில் உள்ள நீளமான கூடத்தில்தான் கண்காட்சிகள் நடக்கின்றன. அந்தக் கூடத்தின் சாவி ஒன்பது வருடமாக என்னிடம் இருக்கிறது. ஓவியம், கைவினை, அறிவியல் மாதிரிகள், புகைப்படம் என்று எது வந்தாலும், முதல் நாள் வந்து நிற்கும் மாணவர்கள் கேட்பவை அநேகமாக ஒரே கேள்விகள்தான். போனில் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

"சார், நாங்க மெக்கானிக்கல். எக்ஸிபிஷன்லாம் ஆர்ட் பசங்களுக்குத்தானே?"

இல்லை. யார் வேண்டுமானாலும் வைக்கலாம். கலை, பண்பாடு, அறிவியல் என்று விண்ணப்பத்தில் மூன்று கட்டம் இருக்கும். அது அலுவலகத்தின் வசதிக்காகப் பிரித்தது. எதில் டிக் போடுவது என்று குழப்பம் வந்தால் நல்ல அறிகுறி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கோலத்தையே பாருங்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974-ல் கோலங்களைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். புள்ளியும் வளைவும் எந்த விதிப்படி அடுக்கடுக்காக வளர்கின்றன என்பதைக் கணினியியலில் மொழிகளுக்கு இலக்கணம் எழுதுவது போலவே எழுதிக் காட்டிய கட்டுரை அது. இப்போது சொல்லுங்கள், கோலத்துக்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

"கேலரின்னு தனியா ஒண்ணு இல்லையா? இது கேன்டீன் போற வழி மாதிரி இருக்கே?"

வழியேதான். ஆரம்பத்தில் எனக்கும் இது பெரிய குறையாகத் தெரிந்தது. அருங்காட்சியகத்துக்கு வருகிறவர் பார்ப்பதற்கென்றே கிளம்பி வருகிறார். இங்கே வருகிறவர் தோசைக்குப் போகிறார், இல்லாவிட்டால் ரெக்கார்டு நோட்டு ஜெராக்ஸ் எடுக்கப் போகிறார். பத்து நிமிட இடைவேளை, கையில் பை, காதில் இயர்போன். அவரை நிறுத்தினால்தான் கண்காட்சி என்று ஒன்று நடந்ததாக அர்த்தம்.

கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த ஒரு ஆளை மனதில் வைத்து எழுதியவை. 1928-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கென்று மெமோரியல் யூனியன் கட்டடத்தைத் திறந்தபோது, சாப்பாட்டுக் கூடங்கள் இருக்கும் அதே கூரைக்குக் கீழே ஓவியக் கூடத்தையும் வைத்தார்கள். சாப்பிட வருகிறவன் கண்ணில் படம் படட்டும் என்பது பழைய யோசனைதான்.

"எவ்வளவு நாள் முன்னாடி சொல்லணும்?"

ஆறு வாரம். பிப்ரவரி 28 வேண்டுமென்றால் டிசம்பரிலேயே வாருங்கள். ராமன் விளைவு 1928-ல் அந்தத் தேதியில் கண்டறியப்பட்டதை ஒட்டி 1987 முதல் தேசிய அறிவியல் தினம் கொண்டாடப்படுவது உங்களுக்குத் தெரியும். மற்ற நான்கு துறைகளுக்கும் தெரியும். கூடம் ஒன்றுதான்.

"சார்ட்ல எழுதி ஒட்டினா போதாதா?"

ஒட்டலாம், படிக்க ஆள் வராது. முழு சார்ட்டில் ஸ்கெட்ச் பேனாவால் நானூறு வார்த்தை எழுதி, ஓரத்தில் ஜிகினா பூ வரைந்து ஒட்டுவது பள்ளிக்கூடத்திலிருந்து நாம் எல்லோரும் கொண்டுவரும் பழக்கம். அங்கே படிக்க டீச்சர் இருந்தார், மார்க் இருந்தது.

ஒரு பலகைக்கு ஒரு விஷயம் போதும். தலைப்பு ஐந்து மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும். விளக்கம் எழுபது எண்பது வார்த்தையைத் தாண்டக் கூடாது. எழுதி முடித்த பிறகு உங்கள் துறையில் இல்லாத ஒரு நண்பரிடம் நடந்துகொண்டே படிக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் அவர் கண் பலகையை விட்டு நகர்கிறதோ அதற்குக் கீழே உள்ளதை வெட்டிவிடலாம்.

"படத்தை எந்த உயரத்துல மாட்டணும்? எங்க ஃபிரெண்ட் மேலே மாட்டினாத்தான் கெத்துங்கிறான்."

மேலே மாட்ட வேண்டியது மாலை போட்ட படங்களை. மற்றவற்றுக்குப் படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். சின்னப் படமோ பெரிய படமோ, நடுப்புள்ளி ஒரே கோட்டில் வந்தால் சுவர் தானாகவே ஒழுங்காகத் தெரியும்.

ஆணி எங்கே அடிப்பது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். கணக்கு சுலபம். படம் 60 செ.மீ. உயரம் என்றால் பாதி 30. பின்னால் கட்டிய கம்பியை விரலால் இழுத்துப் பிடித்தால் அது மேல் விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறது என்று பாருங்கள், 8 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 145-ஓடு 30-ஐக் கூட்டி 8-ஐக் கழித்தால் 167. ஆணி அங்கே. அப்புறம் ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள். கட்டட வேலை நடக்கும் இடத்தில் மேஸ்திரியிடம் கேட்டால் ஐந்து நிமிடத்துக்குத் தருவார். போனில் இருக்கும் செயலியும் பரவாயில்லை.

மேஜைமேல் வைக்கிற பொருள் என்றால் சக்கர நாற்காலியில் வருகிறவரும் எட்டிப் பார்க்கும்படி வையுங்கள். ஸ்டால்களுக்கு நடுவே குறைந்தது 120 செ.மீ. வழி விடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பள்ளிப் பிள்ளைகள் வரும் நாளாக இருந்தால் 145-ஐ 130 ஆக்கலாம்.

"டபுள் டேப் போட்டு ஒட்டினோம். காலைல வந்து பார்த்தா பாதி கீழே கிடக்கு."

நவம்பர் மாதமா? அப்படியென்றால் டேப்பைத் திட்டிப் பயனில்லை. எங்கள் சுவரில் அடித்திருப்பது டிஸ்டெம்பர். தொட்டால் கையில் பொடி வரும். டேப் சுவரைப் பிடிக்கவில்லை, சுவர்மேல் இருக்கிற பொடியைப் பிடித்திருக்கிறது. மழைக்கால ஈரம் சேர்ந்ததும் பொடியோடு உரிந்து விழுந்துவிடும்.

நானும் ஒருமுறை இதில் மாட்டிக்கொண்டேன். நாற்பது புகைப்படம், எல்லாம் ஃபோம் போர்டில் ஒட்டியவை. ராத்திரி ஒன்பது மணிக்கு வேலை முடித்து, எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டு போனோம். இரண்டு மணிக்கு செக்யூரிட்டி அண்ணன் போன் செய்தார். "சார், உள்ளே யாரோ இருக்காங்க, அப்பப்ப டப்பு டப்புனு சத்தம் வருது." போய்க் கதவைத் திறந்தேன். யாரும் இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூலையில் இன்னொன்று விழுந்தது.

அதற்கப்புறம் சுவரின் மேல்பகுதியில் ஒரு கம்பிச் சட்டம் போட்டுவிட்டோம். அதிலிருந்து தூண்டில் நரம்பைத் தொங்கவிட்டு பைண்டர் கிளிப்பில் மாட்டுங்கள். இரண்டு பக்கமும் இரண்டு நரம்பு வேண்டும். ஒற்றை நரம்பில் மாட்டினால் ஃபேன் காற்றில் படம் சுற்றும்.

"தெர்மாகோல்ல மாடல் பண்ணலாமா? வாசல்ல ஃபிளெக்ஸ் வெக்கலாமா?"

அலங்காரத்துக்குத் தெர்மாகோல் பயன்படுத்துவதும், 100 மைக்ரான் தடிமனுக்குக் குறைந்த பிவிசி பேனரும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. ஸ்டேஷனரிக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். கொடுக்கிறார் என்பதற்காக வாங்கி வந்துவிடாதீர்கள்.

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் வரும் அட்டைப்பெட்டியைவிட நல்ல பொருள் கிடையாது. மின்சாதனக் கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள். வளைக்கலாம், வெட்டலாம், மேலே செய்தித்தாள் ஒட்டி வண்ணம் அடிக்கலாம். வாசலுக்குக் காடாத் துணியில் கையால் எழுதிய பேனர் போதும். கேன்டீன் வழியில் நாலு அச்சடித்த பேனர் தொங்கும்போது, கையால் எழுதிய ஒன்றுதான் கண்ணில் படுகிறது.

"லைட் எவ்வளவு போடணும்? ஜன்னல் வெளிச்சமே நல்லாத்தானே இருக்கு?"

நன்றாக இருப்பது உங்கள் கண்ணுக்கு. காகிதம், நீர்வண்ணம், துணி ஆகியவற்றுக்கு அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தோடு நிறுத்திக்கொள்ளும். எண்ணெய் வண்ணத்துக்கு 200 வரை போகலாம். நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். ஒரு வாரத்தில் உங்கள் படம் வெளுத்துவிடாது, உண்மைதான். ஆனால் பாட்டியின் கல்யாணப் புடவையை இரவல் வாங்கி வந்து மேற்கு ஜன்னலில் விரித்து வைக்காதீர்கள். வெளிச்சத்தால் போன சாயம் திரும்பாது, சேதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே போகும்.

மாலை நான்கு மணி வெயில் எங்கள் கூடத்தில் நேராக விழும். அந்தச் சுவரில் மாதிரிகளையும் பலகைகளையும் வையுங்கள், காகித வேலைகளை எதிர்ச் சுவரில் மாட்டுங்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட படங்களில் ஜன்னலின் பிரதிபலிப்பு தெரிகிறதா என்பதையும் அதே நான்கு மணிக்கு வந்து பாருங்கள். காலையில் பார்த்துவிட்டுச் சரி என்று போகிறவர்கள்தான் அதிகம்.

"சுவர்லயே நேரடியா வரையலாமா? மியூரல் பண்ணணும்னு ஆசை."

எங்கள் கூடத்துச் சுவரின் லட்சணத்தை டேப் கேள்வியிலேயே பார்த்துவிட்டீர்கள். 1857-ல் ஆக்ஸ்போர்டு மாணவர்களின் விவாத சங்கமான ஆக்ஸ்போர்டு யூனியனின் புதிய கட்டடத்தில், ஓவியர் ரொசெட்டி தன் இளம் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு ஆர்தர் மன்னர் கதைகளைச் சுவரில் வரைய இறங்கினார். வில்லியம் மோரிஸ், பர்ன்-ஜோன்ஸ் எல்லோரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். எவருக்கும் சுவரோவியத்தில் அனுபவம் கிடையாது. புதுச் செங்கல் சுவர் காய்வதற்குள் மேலே வெள்ளையடித்து அதன்மேல் நேராக வரைந்தார்கள். கொஞ்ச காலத்திலேயே வண்ணம் மங்கத் தொடங்கிவிட்டது. போதாததற்கு ஒவ்வொரு ஓவியத்துக்கும் நடுவே ஜன்னல்கள். கண் கூசி, இருக்கிற ஓவியமும் தெரியாது.

பின்னாளில் பெரும்பெயர் எடுத்தவர்களுக்கே அந்தக் கதி. ஆசை விடவில்லையென்றால் பிளைவுட் பலகையில் பிரைமர் அடித்து வரைந்து சுவரோடு நிறுத்துங்கள். நாளைக்கு எடுத்துக்கொண்டு போகவும் முடியும்.

"கல்ச்சுரல் எக்ஸிபிஷன்னா பானை, உலக்கை, முறம், அம்மி வெச்சாப் போதும்ல?"

வருடா வருடம் பொங்கலுக்கு இந்த அம்மி வந்துவிடுகிறது. பக்கத்தில் 'அம்மி' என்று ஒரு சீட்டு. அம்மி என்பது அம்மி என்று தெரியாதவர் இந்த ஊரில் யார்? பொருளை வைத்தால் அதைப் பயன்படுத்தியவரின் கையும் தெரிய வேண்டும். உங்கள் ஊரில் அந்த அம்மியைக் கொத்த வந்தவர் வருடத்துக்கு எத்தனை தடவை வருவார், எவ்வளவு வாங்குவார், எப்போது வருவதை நிறுத்தினார் என்று வீட்டில் கேட்டு எழுதி வையுங்கள். அப்போது நின்று படிப்பார்கள்.

நான் பார்த்ததில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு மிருதங்கம். இயற்பியல் மாணவி ஒருத்தியும், இசை படிக்கும் அவள் தோழியும் சேர்ந்து வைத்தார்கள். மிருதங்கத்தை வலந்தலை, அதாவது வலது கை வாசிக்கும் பக்கம், மேலே வரும்படி நிமிர்த்தி நிறுத்தி, தோலில் மெல்லிய மணலைத் தூவினார்கள். மோதிர விரலை லேசாகத் தொட்டு வைத்துக்கொண்டு, ஆட்காட்டி விரலால் ஓரத்தில் 'நம்' என்று தட்டினால், மணல் எழும்பிக் குதித்து ஒரே கோட்டில் வந்து உட்கார்ந்தது. அந்தக் கோடு சரியாக மோதிர விரல் இருக்கும் இடத்தின் வழியாகப் போனது. நடுவில் சோறும் கல்பொடியும் சேர்த்துப் பூசிய கறுப்புக் கரணை இருப்பதால்தான், சாதாரணப் பறைகளில் ஒன்றோடொன்று ஒட்டாத மேல்சுரங்கள் (அடிச்சுரத்தோடு சேர்ந்தே எழும் உயர்ந்த சுரங்கள்) இதில் சுருதியோடு பொருந்துகின்றன. இதைச் சி.வி. ராமன் 1920-ல் நேச்சர் இதழில் எழுதினார், 1934-ல் இன்னும் விரிவாக எழுதினார். அவரும் மணல் தூவித்தான் பார்த்தார்.

மணல் கிடைக்காமல் முதல் நாள் கேன்டீனில் ரவை கேட்டு வாங்கினார்கள். தோழிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாசிக்கும்போது தொப்பி என்கிற இடது பக்கத் தோலில் ரவையைப் பிசைந்து அப்புவதுதானே வழக்கம், இங்கே வலது பக்கம் கொட்டுகிறார்களே என்று. அந்த மேஜையைச் சுற்றி மூன்று நாளும் கூட்டம். தட்டிப் பார்க்க வரிசை நின்றது. மொத்தச் செலவு ரவைக்கு மட்டும்தான்.

"மாடல் வேலை செய்யலைன்னா என்ன பண்றது? கரெக்டா இன்னாகுரேஷன் அப்ப நின்னுடும்."

நிற்கும். மூன்று நாள், தினமும் எட்டு மணி நேரம், கண்டவரும் தொடுவார்கள். ஆய்வகத்தில் ஒருமுறை ஓடியது இங்கே ஓடும் என்று நினைக்காதீர்கள். உதிரி மோட்டார், பேட்டரி, ஒயர், சால்டரிங் அயர்ன் மேஜைக்கு அடியில் தயாராக இருக்கட்டும். எட்டு நகரும் பாகங்கள் உள்ள மாதிரியைவிட ஒரே ஒரு விஷயத்தைப் பார்வையாளர் தன் கையால் செய்து பார்க்கும் மாதிரி மேல். ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் 1969-ல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய எக்ஸ்ப்ளோரடோரியம் என்ற அறிவியல் அருங்காட்சியகம் இந்த வழியில் நடந்ததுதான். தங்கள் காட்சிப் பொருட்களை எப்படிச் செய்வது என்று சமையல் குறிப்பு மாதிரி புத்தகமாகவே போட்டார்கள்.

இரண்டு எச்சரிக்கை. காஸ்மிக் கதிர்களின் தடம் காட்டும் மேக அறை செய்கிறவர்கள் உலர்பனியும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் கொண்டுவருவார்கள். உலர்பனி மைனஸ் 78 டிகிரி. வெறும் கையால் தொடக் கூடாது. ஆவியாவது கார்பன் டை ஆக்சைடு என்பதால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், மூடி இறுக்கிய டப்பாவில் போடவே கூடாது. பக்கத்து ஸ்டாலில் ஊதுவத்தியோ குத்துவிளக்கோ இருந்தால் ஆல்கஹாலுக்கு இடம் கிடையாது. இரண்டாவது, ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சொருகி, அதில் மூன்றாவதைச் சொருகுவது. பார்த்தால் பிடுங்கிவிடுவேன்.

"தாத்தா வீட்டுல ஓலைச்சுவடி இருக்கு, ஒரு பழைய வெண்கலச் சிலையும் இருக்கு. கொண்டு வரட்டுமா?"

சிலையைக் கொண்டுவர வேண்டாம். நூறு வருடம் கடந்த சிலை, ஓவியம் போன்றவை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். சுவடிக்கு எழுபத்தைந்து வருடமே கணக்கு. சிலை போன்றவற்றைத் தொல்லியல் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். வீட்டில் பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தாலும் கேன்டீன் வழியில் வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

சுவடி என்றால் இரண்டு ஏட்டை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்துப் பெரிதாக அச்சிட்டு வையுங்கள். எழுத்து படத்தில்தான் நன்றாகத் தெரியும். பளபளக்கட்டும் என்று வீட்டில் இருக்கிற எண்ணெயை எடுத்துத் தடவிவிடாதீர்கள்.

"ராமேஸ்வரம் டூர்ல எடுத்த பவளம், கடல் விசிறி எல்லாம் இருக்கு. மரைன் பயாலஜி ஸ்டாலுக்கு ஓகேவா?"

ஓகே இல்லை. பவளமும் கடல் விசிறியும் கடற்குதிரையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் இருப்பவை. கரையில் கிடந்தது, கடையில் வாங்கியது என்றெல்லாம் சொல்லித் தப்ப முடியாது. துறை அருங்காட்சியகத்தில் முறையான அனுமதியோடு இருக்கும் மாதிரிகளைத் துறைத் தலைவரின் கடிதத்தோடு கொண்டுவாருங்கள். தானாக உதிர்ந்த மயிலிறகைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். அதற்குப் பிரச்சினை இல்லை.

"படத்துக்குப் பக்கத்துல தமிழ்ல எழுதணுமா, இங்கிலீஷ்லயா?"

இரண்டிலும். தமிழ் முதலில். எங்கள் கூடத்தை தினமும் மூன்று முறை பெருக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். எல்லாக் கண்காட்சியையும் முழுதாகப் பார்க்கிறவர் அவர் ஒருவர்தான், என்னையும் சேர்த்தால் இரண்டு பேர். அவருக்குப் புரியும்படி எழுதுங்கள். 'இருத்தலியல் வெறுமையின் உருவெளி' என்று ஒருவர் தன் ஓவியத்துக்குத் தலைப்பு வைத்திருந்தார். அக்கா என்னிடம் வந்து, "இது அந்த பஸ் ஸ்டாண்டு தானே தம்பி?" என்று கேட்டார். பஸ் ஸ்டாண்டேதான்.

"நெட்ல எடுத்த படத்தைப் பார்த்து வரைஞ்சது. என் பேர்ல வெக்கலாமா?"

யார் எடுத்த படம் என்று பாருங்கள். இந்தியச் சட்டப்படி ஒரு படைப்பின் உரிமை, படைத்தவர் இறந்த பிறகும் அறுபது வருடம் நீடிக்கும். ரவி வர்மா 1906-ல் இறந்தவர். அவர் ஓவியத்தைப் பார்த்து வரைவதில் சட்டச் சிக்கல் கிடையாது, 'ரவி வர்மாவைப் பார்த்து வரைந்தது' என்று எழுதினால் போதும். போன வருடம் ஒரு புகைப்படக்காரர் இன்ஸ்டாகிராமில் போட்ட மீனவர் முகத்தைப் பென்சிலில் வரைந்து உங்கள் பெயரில் வைப்பது வேறு கதை. அவருக்கு ஒரு செய்தி அனுப்பிக் கேளுங்கள். கேட்ட மாணவர்களுக்குப் பெரும்பாலும் சந்தோஷமாகவே சரி என்று பதில் வந்திருக்கிறது.

"என் பெயிண்டிங் கிழிஞ்சு போச்சுன்னா யார் பொறுப்பு?"

வாங்கும்போது நான்கு மூலையையும் பின்பக்கத்தையும் போனில் படமெடுத்து, எடுத்த தேதியோடு அனுப்புகிறோம். திருப்பித் தரும்போது அதை வைத்துச் சரிபார்ப்போம். எங்கள் கையில் சேதமானால் பொறுப்பு எங்களுடையது. கம்பியில்லாமல், சட்டமில்லாமல், வண்ணம் காயாமல் கொண்டுவந்தால் பொறுப்பு உங்களுடையது.

சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த பிரம்மாண்டமான வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-ல் சீரமைப்பு என்று சொல்லிக் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். அரசு விலை கொடுத்து வாங்கியதுதான். ஆனாலும் படைப்பைச் சிதைக்காமல் காக்கும்படி கேட்கும் உரிமை கலைஞருக்கு உண்டு என்று 2005-ல் டெல்லி உயர்நீதிமன்றம் சொன்னது. மிஞ்சியதை அவரிடமே திருப்பித் தரவும் ஐந்து லட்சம் இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிட்டது.

"விலை போட்டு விக்கலாமா?"

விற்கலாம். ஆனால் விலைச்சீட்டைப் படத்தின் பக்கத்தில் ஒட்ட வேண்டாம், வரவேற்பு மேஜையில் பட்டியலாக வையுங்கள். விற்றதும் உடனே கழற்றித் தரக் கூடாது, கடைசி நாள் வரை சுவரில் இருக்க வேண்டும். விற்க வெட்கப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கே.சி.எஸ். பணிக்கரும் மற்ற ஓவியர்களும் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கியபோது, அதற்கு வழி செய்தது பாடிக் துணிகளும் கைவினைப் பொருட்களும் விற்ற பணம்தான்.

"என் படம் ஒருத்தருக்குப் பிடிக்கலை. எடுக்கச் சொல்றாங்க. எடுத்துடணுமா?"

இதற்குத்தான் எனக்குச் சுருக்கமாகப் பதில் சொல்ல வருவதில்லை. 2007 மே மாதம் பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழக நுண்கலைப் பீடத்தில், தேர்வு மதிப்பீட்டுக்காக ஒரு மாணவர் வைத்திருந்த படைப்புகளை எதிர்த்து வெளியாட்கள் உள்ளே புகுந்து தகராறு செய்தார்கள். கைதானவர் மாணவர். அவர் பக்கம் நின்ற பீடத் தலைவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அது பொதுமக்களுக்கு வைத்த கண்காட்சிகூட இல்லை.

எங்கள் கூடத்தில் நாங்கள் வைத்திருக்கும் முறை இது. படத்தைத் திறப்பு விழாவுக்கு முன்பே குழுவில் மூன்று பேர் பார்ப்போம். பேச வேண்டியதை அப்போதே பேசிவிடுவோம். ஏற்றுக்கொண்ட பிறகு வாய்வழிப் புகாருக்காக எதையும் இறக்குவதில்லை. புகாரை எழுத்தில், பெயரோடு கொடுக்கச் சொல்வோம். வரைந்தவரையும் புகார் சொன்னவரையும் படத்துக்கு முன்னாலேயே உட்கார வைத்துப் பேசச் சொல்வோம். ஒன்பது வருடத்தில் எழுதிக் கொடுக்க முன்வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் பேசிவிட்டுப் போனார். இன்னொருவருக்காக ஒரு படத்தை இறக்கினோம். மேலிருந்து வந்த அழுத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வரைந்த பையன் ஒன்றும் சொல்லவில்லை, படத்தைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு போனான். அதை இன்றைக்கும் நான் சரியென்று சொல்ல மாட்டேன்.

"எத்தனை பேர் பார்த்தாங்கன்னு எப்படித் தெரியும்? ரிப்போர்ட்ல எழுதணும்."

வருகைப் பதிவேட்டில் 'சூப்பர்', 'வாழ்த்துகள்', 'கீப் இட் அப்' என்று மூன்று பக்கம் நிறையும். அதில் ஒன்றும் தெரியாது. இரண்டாவது கேள்வியில் சொன்ன தோசைக்குப் போகிற ஆளைக் கவனியுங்கள். ஒரு மூலையில் ஸ்டூல் போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து, கடந்தவர்கள் எத்தனை, நின்றவர்கள் எத்தனை, எந்த இடத்தில் நின்றார்கள் என்று கோடு போடுங்கள். இடைவேளையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை. போகிறவர் போய், நண்பரை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தால் அதற்குத் தனியாக ஒரு நட்சத்திரம் போடுங்கள். மிருதங்க மேஜைக்கு அப்படிப் பதினொரு நட்சத்திரம் விழுந்தது.

"முடிஞ்ச அன்னைக்கே கழட்டணுமா? டயர்டா இருக்கும் சார்."

அன்றைக்கே. மறுநாள் காலை யாரும் வர மாட்டீர்கள் என்பது அனுபவம். நரம்பை அறுக்காமல் அவிழ்த்துச் சுருட்டுங்கள், அடுத்தவருக்கு ஆகும். ஆணி ஓட்டைகளைப் பட்டி வைத்து அடையுங்கள், டப்பா ஜெராக்ஸ் கடை அண்ணனிடம் இருக்கிறது. இரவல் பொருட்களை வாங்கிய வரிசையில் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

வாசலில் போட்ட கோலத்தை மட்டும் கழுவ வேண்டாம். அரிசி மாவு என்றால் விடிவதற்குள் எறும்புகள் பாதியைக் கொண்டுபோயிருக்கும். மீதியைக் காலையில் அக்கா கூட்டிக்கொள்வார். சாவியை செக்யூரிட்டி அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.